வளர்த்தவளைக் காணோம்

தமிழில் கதை எழுதுகிறவனுக்குக் கற்பனை வறண்டுபோகும் சமயத்தில் கைகொடுக்கும் பழைய சரக்குகள் சில உண்டு. அவற்றில் தலையானது பிறப்பு இரகசியம். ஒரு குழந்தை பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்படும். அல்லது கோயில் வாசலில் கிடக்கும். அல்லது ஆஸ்பத்திரியில் மாறிப்போகும். இருபது வருஷம் ஒரே தாவலில் கடந்துவிடும். பிறகு ஒரு மச்சமோ ஒரு சங்கிலியோ உண்மையைக் காட்டிக்கொடுக்க, பெற்றவளும் பிள்ளையும் கட்டிக்கொண்டு அழுவார்கள். 'தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்' என்று பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர் சொல்லுவார். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவோம்.

தாண்டிவிட்ட அந்த இருபது வருஷமும் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்? காய்ச்சல் கண்ட இரவில் நெற்றியில் ஈரத்துணி போட்டவள் யார்? முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் அழுத பிள்ளையை விட்டுவிட்டு, மதில் ஓரமாக நின்று தானும் அழுதவள் யார்? அவளுக்குக் கதையில் பெயர்கூடச் சரியாக இராது. கடைசிக் காட்சியில் ஓர் ஓரமாக நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அவ்வளவுதான் அவளுடைய பாகம்.

இது வெறும் கதைத் தொழில்நுட்பத்தின் குறை என்று நான் நினைக்கவில்லை. ஒரு சமூகம் எதைக் கதையாகச் சொல்லிக்கொள்கிறதோ அதன்படிதான் பக்கத்து வீட்டுக்காரர்களும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் சில குழந்தைகள் வளரவேண்டியிருக்கிறது.

கர்ணனையே எடுத்துக்கொள்வோம். 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தைப் பார்த்தவர்களுக்குக் குந்தியை மறக்க முடியாது. சாகிற மகனை மடியில் போட்டுக்கொண்டு அவள் கதறும் காட்சி கண்ணிலேயே நிற்கும். ராதையின் முகம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? நான் கேட்பது கண்ணனின் ராதையை அல்ல. தேரோட்டி அதிரதனின் மனைவி ராதையை. 1991-ல் வந்த 'தளபதி'யில் கர்ணன் கதை கூட்ஸ் வண்டியில் ஏறி நம் காலத்துக்கு வந்தது. அங்கும் படத்தின் உயிர் பெற்ற தாயின் கண்ணீரில்தான் இருக்கிறது.

வியாசர் அப்படிச் செய்யவில்லை. உத்தியோக பருவத்தில் கண்ணன் கர்ணனிடம் பிறப்பு இரகசியத்தைச் சொல்லி, பாண்டவர் பக்கம் வந்துவிடு, இராஜ்யம் உனக்கே என்கிறான். கர்ணன் சொல்லும் பதிலைப் படித்துப் பாருங்கள். ராதைக்குத் தன்னைக் கண்டதும் பால் சுரந்ததையும், தன் மலமூத்திரங்களை அவள் எடுத்ததையும், பிறந்த பிள்ளைக்குச் செய்ய வேண்டிய சடங்குகளை அதிரதன் செய்ததையும், தனக்குக் கலியாணம் செய்து வைத்ததையும் அவன் ஒன்றொன்றாகச் சொல்லுகிறான். பூமி முழுவதையும் கொடுத்தாலும், பொற்குவியலையே கொடுத்தாலும் அந்த உறவைப் பொய்யாக்க மாட்டேன் என்கிறான். மகாவீரன் ஒருவன் தன் வாழ்வின் மிகப் பெரிய முடிவுக்குச் சொல்லும் காரணங்களில், ஒரு பெண் தனக்குத் துணி மாற்றியதும் ஒன்று! மூலத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பதை நாம் செஞ்சோற்றுக்கடன் என்ற ஒரே சொல்லில் அடக்கித் துரியோதனன் கணக்கில் எழுதிவிட்டோம். ராதைக்குப் பட்ட கடன் பேரேட்டில் ஏறவே இல்லை.

இந்த விஷயத்தை இப்போது எழுதத் தூண்டியது ஒரு வாசகியின் கடிதம். ஒரகடத்தில், கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். பிள்ளையில்லாமல் பல வருஷம் இருந்து, நாலு வருஷத்துக்கு முன் சட்டப்படி ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்திருக்கிறார். வீட்டுக்கு வரும்போது குழந்தைக்கு எட்டு மாதம். கடிதத்தில் ஓர் இடத்தை மட்டும் அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்.

"ஐயா, டி.வி.யில் ஒரு தொடர். அதில் கதாநாயகி, 'என் நிஜ அம்மா எங்கே?' என்று அழுகிறாள். என் மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளை நாங்கள் தத்தெடுத்தது அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, 'அப்போ நீ பொய் அம்மாவா?' என்று கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். கதை எழுதுகிறவர்கள் யாராவது இதற்குப் பதில் சொல்லக் கூடாதா?"

அவர் வசிக்கும் பகுதியை அநேக வாசகர்கள் சென்னை–பெங்களூர் சாலையில் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் முதல் கார் வெளிவந்தது. அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களெல்லாம் ஆலைகளும் வரிசை வீடுகளுமாக மாறிவிட்டன. அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். சங்கு ஊதினால் வேலைக்குப் போகிறவர்கள் என்று இப்போது சொல்ல முடியாது. ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. பிறந்த மண்ணை விட்டு வந்து புதிய இடத்தில் வேர் பிடிக்கப் பார்க்கிறவர்கள்தான் அங்கே எல்லோரும். ஆனாலும் பெரியவர்களைப் பார்த்தால், 'சொந்த ஊர் எது?' என்றும், குழந்தையைப் பார்த்தால், 'யார் ஜாடை?' என்றும்தான் முதல் கேள்வி வருகிறது.

அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியும் கடிதத்தில் ஒரு செய்தி இருந்தது. தத்து கேட்டு விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்கு ஒரு சமூகப் பணியாளர் வந்து நிலைமையை நேரில் பார்த்து அறிக்கை எழுதவேண்டும் என்பது விதி. அப்படி வந்த அம்மாள் சம்பளச் சீட்டையும் வாடகை வீட்டையும் பார்த்து முடித்த பிறகு, திண்ணையில் இருந்த மாமியாரிடம் போய் உட்கார்ந்தாராம்.

"பாப்பா யார் ஜாடைன்னு அக்கம்பக்கத்திலே கேட்டா என்ன சொல்லுவீங்க, அம்மா?"

"எங்க வீட்டு ஜாடைதான்னு சொல்லிட்டுப் போறேன்."

"அப்படி வேண்டாம், அம்மா. நாங்க எடுத்து வளர்க்கிற பிள்ளைன்னு சாதாரணமாச் சொல்லிப் பழகுங்க. நீங்க மறைச்சா, தன்கிட்டே ஏதோ தப்பு இருக்குன்னு பிள்ளை நினைச்சுக்கும்."

மனித மனத்தை அறிந்த ஒரு நல்ல நாவலாசிரியன் எழுத வேண்டிய சம்பாஷணை இது. அரசாங்கப் படிவம் ஒன்றை நிரப்ப வந்த இடத்தில் இது நடந்திருக்கிறது. ஊர் வாய் திறக்கும் நாளில் இந்தக் குடும்பம் என்ன செய்யும் என்று அந்த அம்மாள் முன்கூட்டியே சோதித்துப் பார்த்திருக்கிறார். நம் கதைகள் முக்கால்வாசியும் முறிகிற இடம் அதுதான்.

முறிந்த வீட்டைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய கதை மணிமேகலையில் இருக்கிறது. ஆபுத்திரன் என்றதும் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் உள்ள பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். வாரணாசியிலிருந்து குமரிக்குப் பாவம் தீர்க்க வந்த சாலி என்பவள், வழியில் பிள்ளை பெற்று ஒரு தோட்டத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். ஒரு பசு ஏழு நாள் பால் சுரந்து அதைக் காப்பாற்றுகிறது. அந்தப் பக்கம் வந்த இளம்பூதி என்ற அந்தணன் குழந்தையைக் கண்டு, இது பசுவின் பிள்ளை அல்ல, தன் பிள்ளை என்று எடுத்துக்கொண்டு போகிறான். அவனும் அவன் மனைவியும் வளர்க்கிறார்கள், வேதம் ஓதுவிக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. பிறகு வேள்விப் பசு ஒன்றை அந்தப் பிள்ளை விடுவித்ததில் தகராறு எழுகிறது. ஊரார் அவன் பிறப்பை இழுக்கிறார்கள். சாலியின் கதை தெரிந்த ஒருவன் அதைச் சபையில் போட்டு உடைக்கிறான். ஆபுத்திரன் சிரிக்கிறான், முனிவர்கள் பலருடைய பிறப்பை எடுத்துச் சொல்லி எதிர்வாதம் செய்கிறான். ஆனால் அன்று எடுத்து வளர்த்த அதே பூதி இப்போது அவனை வீட்டை விட்டு விரட்டிவிடுகிறான்.

சாத்தனார் இதை ஓரிரு அடிகளில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். எனக்கென்னவோ அந்தக் காதையிலேயே பயங்கரமான இடம் அதுதான் என்று தோன்றுகிறது. பெற்றவள் கைவிட்டபோது அவனுக்கு நினைவு தெரியாது. வளர்த்தவன் கைவிட்டபோது எல்லாம் தெரியும். பூதி கெட்டவன் அல்ல. கைக்குழந்தையைக் கண்டு அவன் அடைந்த சந்தோஷமும் பொய்யல்ல. அவனிடம் அன்பு இருந்தது. ஊருக்குப் பதில் சொல்லும் பழக்கந்தான் இல்லை. அவன் மனைவி அந்த இரவு என்ன செய்தாள் என்று காப்பியம் சொல்லவில்லை. இங்கும் வளர்த்தவளைக் காணோம்.

இன்றைய விதிகளின்படி, தத்து கொடுத்த பிறகும் 2 ஆண்டுகளுக்கு, 6 மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்க்கவேண்டும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒட்டவில்லை என்றால் ஆலோசனை சொல்ல ஆள் வைக்கவேண்டும். இதைப் படித்தபோது எனக்குப் பூதியின் வீடு ஞாபகம் வந்தது. அவன் திண்ணைக்கு அப்படி யாராவது வந்து போய்க்கொண்டிருந்தால் மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைக்காமலே போயிருக்கலாம். ஒரு பிள்ளைக்கு வீடு மிஞ்சியிருக்கும்.

சாலிக்கும் இன்று வேறு வழி இருக்கிறது. வளர்க்க முடியாத நிலையில் உள்ள ஒரு தாய், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம். பெயர் வெளியே வராது. மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் தவணையும் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தமிழக அரசு தொட்டில் வைத்ததும் சாலிகளை நினைத்துத்தான். கதாசிரியர்கள் ஆற்றையும் கோயில் வாசலையும் விட்டு இன்னும் அந்தத் தொட்டில் வரை வந்து சேரவில்லை.

'தத்துப்பிள்ளை' என்றதும் சொத்து வழக்கு நினைவுக்கு வருவதற்கும் காரணம் உண்டு. பழைய இந்து சட்டப்படி சுவீகாரம் என்பது பெரும்பாலும் கொள்ளி வைக்கவும் பெயர் சொல்லவும் ஓர் ஆண் வாரிசைத் தேடும் ஏற்பாடு. குழந்தைக்கு வீடு தேடுவது அதன் நோக்கமல்ல; வீட்டுக்குப் பிள்ளை தேடுவதுதான். பெண் குழந்தையைத் தத்தெடுக்கவும், மணமாகாத பெண் தன் பெயரிலேயே தத்தெடுக்கவும் 1956-ஆம் வருஷச் சட்டம் வந்த பிறகே வழி பிறந்தது. 2015-ல் வந்த இளைஞர் நீதிச் சட்டம் கணக்கைத் திருப்பிப் போட்டது. அதன்படி முதல் கட்சிக்காரர் குழந்தை. மற்றவர்கள் எல்லோரும் அதற்குப் பிறகு.

இங்கே ஒரு கேள்வி எழலாம். கதையில் என்ன இருந்தால் என்ன, சட்டம்தான் ஒழுங்காக இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். கதை சும்மா இருப்பதில்லை. பிறப்பு என்பது இரகசியம், வெளியே தெரிந்தால் வீடு உடையும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தால், பிள்ளையில்லாதவர்கள் இரகசியமாகப் பிள்ளை தேடத்தான் செய்வார்கள். இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு கர்ப்பம் என்று நடிப்பது நம் சினிமாவில் வேடிக்கைக் காட்சி. இரகசியத்துக்கு விலை கொடுக்க ஆள் இருந்தால் விற்கவும் ஆள் வருவான். 2019-ல் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் குழந்தைகளை எடைக்கும் நிறத்துக்கும் ஏற்ப விலை பேசியது வெளியானபோது நாடே திகைத்தது. அதற்கு முன்பு 2005-ல், சென்னைத் தெருக்களிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் ஒரு தத்து நிறுவனத்தின் வழியாக வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டது தெரியவந்தது. திருடப்பட்ட குழந்தையின் தாய்க்கு, 'உன் பிள்ளை எங்கோ நன்றாகத்தான் இருக்கிறது' என்பதா ஆறுதல்?

நேர்வழி நீளமானது; உண்மைதான். 2024-25-ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் காரா என்ற மத்திய ஆணையத்தின் மூலம் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் 4,515. பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த பெற்றோர் முப்பதாயிரத்துக்கும் மேல். மூன்று வருஷத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கோர்ட்டில் தேங்குகிறது என்பதற்காக, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை வழங்கலாம் என்று ஆக்கினார்கள். இவ்வளவு தாமதமும் அந்தத் திருடப்பட்ட குழந்தையின் தாயை நினைத்துத்தான் என்று எண்ணிக்கொண்டால் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாததும் ஒன்று உண்டு. 2017-ல் பிரசவகாலச் சலுகைச் சட்டத்தைத் திருத்தியபோது தத்தெடுக்கும் தாய்க்கும் 12 வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று எழுதினார்கள். எழுதிய கையோடு, குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்திருக்கக் கூடாது என்றும் சேர்த்துவிட்டார்கள். இந்தக் கணக்கைப் பாருங்கள். தாயே ஒப்படைத்த குழந்தையானால் 60 நாள் தவணை முடியவேண்டும். கைவிடப்பட்ட குழந்தையானால் பெற்றோரைத் தேட அதே அளவு காலம் போகும். அப்புறம் மருத்துவ அறிக்கை, வரிசையில் உள்ளவர்களுக்குத் தகவல், அவர்கள் வந்து பார்ப்பது. மூன்று மாதத்துக்குள் எந்தக் குழந்தை எந்த வீட்டுக்கு வந்து சேரும்? வலது கை கொடுத்ததை இடது கை பிடுங்கிக்கொண்டது. அந்த வரம்பை எதிர்த்து ஒரு தாய் உச்சநீதிமன்றம் வரை போக நேர்ந்தது. எனக்குக் கடிதம் எழுதிய அம்மாள் எட்டு மாதக் குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு சம்பளமில்லாத விடுப்பு எடுத்தார். புதிய மனிதர்களைக் கண்டு இரவெல்லாம் அழுத குழந்தைக்கு அவருடைய மடி வேண்டியிருந்தது. பெற்றால்தான் உடம்பு நோகும், வளர்ப்பதில் என்ன நோவு என்று நினைத்த ஒருவர் எழுதிய விதி அது. நம் கதைகளைப் படித்து வளர்ந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

வளர்ப்பிலும் ஒரு கடினமான வகை உண்டு. பெற்றவர்கள் உயிரோடு இருப்பார்கள். நோயாலோ, சிறையாலோ, வேறு துன்பத்தாலோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாமல் இருக்கும். அந்தப் பிள்ளையை விடுதியில் போடாமல் இன்னொரு குடும்பம் கொஞ்ச காலம் வளர்த்துத் தருவதற்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. 2024-ல் விதிகளைத் தளர்த்தி, மணமாகாதவர்களும் வளர்க்கலாம் என்றார்கள். சட்டப்படி தத்துக்குரிய குழந்தையானால் இரண்டு வருஷத்துக்குப் பின் அந்தக் குடும்பமே தத்தெடுக்கலாம் என்றும் சொன்னார்கள். நம் நாட்டில் இன்னும் வெகு சிலரே இதற்கு முன்வருகிறார்கள். திரும்பக் கொடுத்துவிடப் போகிறோம் என்று தெரிந்தே ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டுவதற்கு எப்படிப்பட்ட மனம் வேண்டும்!

ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு இது அந்நியமான விஷயமாக இருக்கக் கூடாது. அந்த ஊரில் அவதரித்த இராமானுஜரைப் பற்றி வைணவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. மேல்கோட்டையிலிருந்து பறிபோன உற்சவ மூர்த்தியைத் தேடி அவர் டில்லி வரைக்கும் போனார். அரண்மனையில் அது சுல்தானின் மகளிடம் விளையாட்டுப் பொம்மையாக இருந்தது. துறவியான அவர் 'செல்வப்பிள்ளை' என்று கூப்பிட, அது நடந்து வந்து அவர் மடியில் உட்கார்ந்ததாம். பெறாத பிள்ளைக்குத் துறவி தகப்பனானார். பறிகொடுத்த பெண் என்ன ஆனாள்? அவளைக் கதை மறந்துவிடவில்லை. பிரிவு தாங்காமல் பின்னாலேயே மேல்கோட்டைக்கு வந்து சேர்ந்தாள் என்கிறார்கள். பீபி நாச்சியார் என்ற பெயரில் அங்கே அவளுக்கும் வழிபாடு நடக்கிறது. இடையில் வைத்திருந்து இழந்தவளுக்கும் சந்நிதியில் இடம் வேண்டும் என்று பக்தர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நாவலாசிரியர்களுக்கும் தோன்றலாம்.

எல்லோரும் தவறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். 1963-ல் வந்த 'பார் மகளே பார்' படத்தில், ஆஸ்பத்திரியில் மாறிப்போன இரு குழந்தைகளில் தன்னுடையது எது என்று தெரியாமலே இரண்டையும் மகள்களாக வளர்க்கிறாள் ஒரு தாய். அந்தஸ்தையே பெரிதாக நினைக்கும் தகப்பனுக்கு உண்மை தெரிந்ததும் வீடு ஆட்டம் காண்கிறது. நம் கண்ணுக்குத் தாய் பெரியவளாகவும் தகப்பன் சிறியவனாகவும் தெரியும்படி செய்ததுதான் அந்தப் படத்தின் வெற்றி.

2002-ல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' இன்னும் ஒரு படி மேலே போனது. ஒன்பதாவது பிறந்த நாளன்று, நீ எங்கள் வயிற்றில் பிறந்தவள் அல்ல என்று பெற்றோர் மகளிடம் சொல்லுகிறார்கள். இத்துறையில் பழகியவர்கள் இந்த முறையை ஒப்ப மாட்டார்கள். நினைவு தெரிந்த நாள் முதல் கதை சொல்வதைப்போலச் சிறுகச் சிறுகச் சொல்லவேண்டும், பிறந்த நாள் பரிசாக இடியை இறக்கக் கூடாது என்பார்கள். சினிமாவுக்கு இடி வேண்டியிருக்கிறது, போகட்டும். அந்தப் படம் செய்த பெரிய காரியம் இந்திரா என்ற வளர்ப்புத் தாயின் பாத்திரம். குழந்தையின் கோபம் முழுவதும் முதலில் அவள்மீதுதான் விழுகிறது. விழுந்ததைத் தாங்கிக்கொண்டு, பெற்றவளைத் தேட அவளே மகளைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்து போகிறாள். மகள் பெற்றவளைப் பார்க்கிறாள், கேள்விகளைக் கேட்கிறாள், பிறகு வளர்த்தவர்களோடு வீடு திரும்புகிறாள். சதை ஆடியது, ஆனாலும் வீடு உடையவில்லை. வளர்ந்த பிறகு தன் வேரைத் தேடிப் பார்க்கும் உரிமையைத் தத்துப்பிள்ளைக்கு இன்றைய விதிகளும் கொடுக்கின்றன; பெற்றவள் தன்னை வெளிப்படுத்த விரும்பாவிட்டால் அவளுக்கும் பாதுகாப்பு கொடுக்கின்றன. பிள்ளை தேடுவதால் வளர்த்தவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்பதை அந்தப் படம் விதிகளைவிட நன்றாகச் சொல்லிவிட்டது.

'பொய் அம்மாவா?' என்று கேட்ட குழந்தைக்குப் பதில் சொல்ல ஒரு கட்டுரை போதாது. கேட்டு வளர்வதற்கு அவளுக்கு வேறு கதைகள் வேண்டும். வளர்ப்பது என்பது தினமும் நடக்கிற காரியம். அதில் திடுக்கிடும் திருப்பம் கிடையாது. அதனால்தான் எழுதக் கடினமாக இருக்கிறது. அதனால்தான் நாம் இருபது வருஷத்தை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறோம். ஆனால் நாவல் என்ற கலை ஏற்பட்டதே தினசரி வாழ்வைச் சொல்லத்தான். பெட்டியை ஆற்றிலிருந்து எடுத்த அன்று மாலை ராதை என்ன செய்தாள், முதல் முறை அந்தப் பிள்ளை அவளை 'அம்மா' என்று எப்போது கூப்பிட்டது, தேரோட்டி மகன் என்று ஊர் அவனைப் பழித்த நாளில் வீட்டில் என்ன சமைத்தாள், போர்க்களத்துச் செய்தி வந்தபோது எங்கே இருந்தாள் என்பதை எழுதினால் ஐந்நூறு பக்கம் வரும். எழுதக்கூடியவர்கள் எழுதட்டும். முடிந்தால் நானும் முயல்வேன்.